அந்நியர் தொட்டால்

பாதுகாப்பு வகுப்புக்காக மேசைகளைச் சுவரோரம் தள்ளியிருக்கிறார்கள். வெயில் ஏறிய கரும்பலகையில் 'அந்நியர் தொட்டால்' என்று தலைப்பிட்டு, வக்கீலம்மா அதன் கீழே சட்டப்பிரிவுகளை எழுதுகிறார். போலீஸ்காரம்மா ஒரு மாணவியின் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிறார். "என்னைத் திருடன்னு நெனச்சுக்கோ. கத்து, உதறு, அடி!" மற்ற பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரிக்கிறார்கள். அவள் சிரிக்கவில்லை. முழங்கையை மடக்கி போலீஸ்காரம்மாவின் முகத்திலேயே இடிக்கிறாள். உதடு கிழிந்து காக்கிச் சீருடையில் ரத்தம் சொட்டுகிறது. பிடியை விட்ட பிறகும் நெஞ்சிலும் கழுத்திலும் மாறி மாறிக் குத்துகிறாள். "விடுங்க சித்தப்பா! விடுங்க!" சிரிப்பு பட்டென்று அடங்குகிறது. போலீஸ்காரம்மா தடுக்கவில்லை, வாயைக்கூடத் துடைக்காமல் நின்று வாங்கிக்கொள்கிறார். "அடி கண்ணு. இன்னும் அடி." வக்கீலம்மா திரும்பி, தலைப்பின் முதல் சொல்லை உள்ளங்கையால் அழுத்தி அழிக்கிறார்.