ரோசம்மாளின் சுருக்குப்பை

பச்சையம்மா தூக்கிக் கொடுத்த கலவைச் சட்டியை வாங்கி மேலே நீட்டினாள் கிரேஸ். வாங்கிக்கொள்ள மேலே கை இல்லை.

"இன்னா, மறுபடியும் நின்னுட்டாங்களா?" என்றாள் கீழே நின்ற பச்சையம்மா.

"ஆமா. மகராசி வெத்தலை போடறாங்க."

சாரத்தின் உச்சியில் ரோசம்மாள் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, ஓரமாகத் திரும்பி நின்றுகொண்டாள்.

"செத்த இருங்கடி. வாய் நமநமங்குது."

புதுவாயல் பக்கம் புதுசாக வருகிற ஃபேக்டரியில் ஆபீஸ் கட்டடம். தளம் போட ஆரம்பித்தால் பாதியில் விடக்கூடாது. "பொழுது சாயறதுக்குள்ள முடிச்சுக் குடுக்கிறேன் சார்" என்று இஞ்சினீரிடம் ஒத்துக்கொண்டு வந்ததே இந்த ரோசம்மாள்தான். செட்டுக்கு அவள்தான் மேஸ்திரி.

இஞ்சினீரும் ஒரு கண்டிஷன் போட்டிருந்தார். "கைக்குழந்தைக்காரங்க வேணாம். நடுவுல நடுவுல ஓடுவாங்க."

கிரேஸ் வாயே திறக்கவில்லை. கணவன் கை ஒடிந்து வீட்டில் கிடக்கிறான். செங்கல் அடுக்குக்குப் பின்னால் வேப்பமரத்தில் தூளி கட்டிக் குழந்தையைப் போட்டிருந்தாள். பச்சையம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். ரோசம்மாள் வெற்றிலைக்கு நிற்கிறபோதெல்லாம் கிரேஸ் ஓடிப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்துவிடுவாள்.

அதற்காக எரிச்சல் இல்லாமல் போகுமா? வேலையை ஒத்துக்கொண்டவளே நின்றால் எப்போது முடிப்பது?

மத்தியானம் பெல்பாட்டத்தைத் தூக்கிப் பிடித்தபடி இஞ்சினீர் வந்தார். "ஏன் வேலை நிக்குது?"

"எங்களக் கேக்காதீங்க சார்" என்றாள் கிரேஸ். "ஒத்துக்கினது அவங்க. வெத்தலை போட்டுக்கினு நிக்கிறதும் அவங்க."

"ரோசம்மா, இன்னொரு வாட்டி நின்னா அடுத்த கட்டடம் தேசப்பன் செட்டுக்குத்தான்."

"சரி சார்."

ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. ரோசம்மாள் பையை எடுத்துக்கொண்டு திரும்பி நின்றாள்.

"சொரணை இருக்கா பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே கிரேஸ் தூளிக்கு ஓடினாள்.

எப்படியோ வெளிச்சம் இருக்கும்போதே தளம் முடிந்தது. இஞ்சினீர் சுற்றிப் பார்த்தார்.

"வேலை நல்லா இருக்கு. ஆனா சொன்னது சொன்னதுதான். அடுத்தது தேசப்பன் செட்டு."

ரோசம்மாள் கை கழுவப் போனாள்.

"ஒருத்தி வெத்தலை போட, எல்லார் பொழப்பும் பேஜாராப் போச்சு" என்று சட்டிகளைப் பொறுக்க மேலே ஏறினாள் கிரேஸ். சாரத்துக் கம்பில் அந்தச் சுருக்குப்பை தொங்கியது. அப்படி இன்னாதான் ருசி, நாமும் ஒன்று போட்டுப் பார்ப்போம் என்று பிரித்தாள்.

உள்ளே ஒன்றுமில்லை. வெற்றிலை இல்லை, சுண்ணாம்பு இல்லை, ஒரு பாக்குத் தூள்கூட இல்லை.

பையும் கையுமாக, ரோசம்மாள் நாளெல்லாம் நின்ற இடத்திலேயே நின்று, அவள் பார்த்த பக்கமே பார்த்தாள் கிரேஸ். செங்கல் அடுக்குக்குப் பின்னால் வேப்பமரமும் தூளியும் பளிச்சென்று தெரிந்தன.

"கொயந்தை மறுபடியும் தூளிய உதைக்குதா?" கீழேயிருந்து ரோசம்மாள் கேட்டாள், ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே. "அங்கியே நின்னா எப்படி? போய்க் குடு போ."

கிரேஸ் பையோடு மளமளவென்று கீழே இறங்கி வந்தாள்.

"அக்கா, நான் கொயந்தைக்காரின்னு இஞ்சினீருகிட்ட நானே போய்ச் சொல்லிடறேன். அப்பவாவது அடுத்த கட்டடத்த..."

"ஏ கிரேஸு, கொயந்தை அழுவுது, சீக்கிரம் வாடி" என்று தூளியண்டையிலிருந்து பச்சையம்மா கூப்பிட்டாள்.