நானூறு புள்ளியும் ஒரு கிடாய்க்குட்டியும்

அமராவதி மிஸி சைக்கிளில் போய் ஒரு லொறியை முந்தியவர். அதுவும் எதிர்க்காற்றில், கரியரில் ஒரு கிடாய்க்குட்டியைக் கட்டிக்கொண்டு.

இதை அவரே சொல்வார். முள்ளியவளைப் பக்கம் காலமெல்லாம் மருத்துவிச்சியாக இருந்து, ஓய்வெடுத்து, வவுனியாவுக்கு வந்து சேர்ந்த பிறகு இன்னும் உற்சாகமாகச் சொன்னார். பேறு பார்த்த வீடொன்றில் நன்றிக்குக் கொடுத்த குட்டி அது. ஒவ்வொரு தடவையும் காற்று கொஞ்சம் பலத்தது, ஆடு கொஞ்சம் வளர்ந்தது. சண்டை ஓய்ந்து கண்டி வீதி திறந்த வருடம் வெறும் குட்டியாக இருந்தது. இந்த வருடம் கொம்பு முளைத்துவிட்டது.

கேட்டவர்கள் சிரித்துவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார்கள். மெனக்கெட்டு மறுத்தவர் ஒரே ஒருவர், அவரும் முள்ளியவளையிலிருந்து வந்தவர். கச்சு முகம்மது.

லொறி அவருடையது.

அவருடைய மகன் சப்ராஸ் பஸ் நிலையத்துக்குப் பின்னால் வீடியோ கேம் கடை வைத்திருந்தான். இரண்டு தொலைக்காட்சி, நாலு பிளாஸ்டிக் கதிரை, காற்றைவிடச் சத்தத்தை அதிகமாகத் தருகிற ஒரு மின்விசிறி. அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் அங்கேதான் இரண்டு பேரும் பந்தயத்துக்கு உட்கார்ந்தார்கள்.

மிஸி வென்றால், கச்சு முகம்மது எல்லாருக்கும் முன்னால் 'ஓம், முந்தினவா' என்று சொல்லவேண்டும். தோற்றால், மிஸி அந்தக் கதைக்கு இனி வாய் திறக்கக் கூடாது.

அது அவருக்குச் சோற்றை நிறுத்தச் சொன்ன மாதிரி. ஆட்டையும் எதிர்க்காற்றையும் விட்டுவிட்டு மனுசி வேறு எதைக் கதைப்பது?

கச்சு முகம்மது எடுத்தது தரையோடு தரையாகப் படுத்திருக்கும் ஒரு சிவப்புக் கார். மிஸி எடுத்தது பூசணிக்காய் மாதிரி ஒரு சின்ன மஞ்சள் கார்.

திரையின் மூலையில் ஒவ்வொரு காருக்கும் ஒரு எண் நின்றது. இஞ்சினின் வலு, உடம்பின் பாரம், டயரின் பிடி, பிரேக்கின் கடி எல்லாவற்றையும் சேர்த்து விளையாட்டே போடுகிற புள்ளி. சிவப்புக்கு எழுநூறு. மஞ்சளுக்கு இருநூறு.

அப்படியே ஓடவிட்டால் அது பந்தயமில்லை, கொலை. ஆகவே சப்ராஸ் நானூறில் கோடு கிழித்தான். சிவப்பு இறங்கி வரவேண்டும், மஞ்சள் ஏறி வரவேண்டும். எதைக் குறைப்பது, எதைக் கூட்டுவது என்பது அவரவர் விருப்பம்.

கச்சு முகம்மது இஞ்சினில் கை வைக்கவில்லை. டயரில் நூல் தெரியத் தெரிய லொறி ஓட்டியவர் அவர். இஞ்சின் ஒருதரம் இருமினால்தான் நித்திரை கொள்ளமாட்டார். ஆகவே நல்ல டயரைக் கழற்றித் தேய்ந்ததைப் போட்டார். பிரேக்கைக் குறைத்தார். அதுவும் போதாமல் காரில் பாரம் ஏற்றினார். பாரம் ஏறினால் வண்டி றோட்டில் நன்றாக அமரும் என்பது அவருடைய லொறிக் கணக்கு. நானூறு வந்துவிட்டது.

மிஸி இஞ்சின் பக்கமே திரும்பவில்லை. கிடைத்த புள்ளியையெல்லாம் டயரிலும் பிரேக்கிலும் கொட்டினார். மிச்சத்தைக் காரை மெலியவைக்கச் செலவழித்தார். பின் சீட் போனது. முன் சீட் ஒன்றும் போனது. விட்டால் ஓட்டுகிறவனையும் இறக்கியிருப்பார்.

அவருக்கும் நானூறு.

பாதையை விளையாட்டே தெரிந்தெடுத்தது. மலைப்பாதை. அவிழ்த்து எறிந்த நைலோன் கயிறு மாதிரி வளைவுகள்.

தொடக்கத்து நேர்ப்பாதையில் சிவப்புக் கார் கண்ணுக்கே தெரியாமல் போனது. கச்சு முகம்மது கதிரையில் சாய்ந்து, மிஸிக்குத் தேத்தண்ணி சொல்லவா என்று பக்குவமாக விசாரித்தார்.

முதல் வளைவு வந்தது. சிவப்புக் கார் வளையவில்லை. நேரே போய் மதிலைக் கட்டிப்பிடித்தது.

பூசணிக்காய் உருண்டு போனது.

அடுத்த நேர்ப்பாதையில் சிவப்பு மறுபடியும் முந்தியது. அடுத்த வளைவில் மறுபடியும் மதில். கச்சு முகம்மது பிரேக் பொத்தானை அமத்திய அமத்தில் அது உள்ளே போய்த் திரும்பி வரவில்லை.

"ரெண்டுக்கும் புள்ளி ஒண்டுதானே, மிஸி. பிறகென்ன இது?"

"புள்ளி ஒண்டுதான், முகம்மது நானா. நீங்கள் நேர்ப்பாதைக்குக் குடுத்தியள், நான் வளைவுக்குக் குடுத்தனான்."

கடைசி வளைவுக்கு முன்னால் சிவப்புக் கார்தான் முன்னுக்கு நின்றது. அதைத் தாண்டினால் முடிவுக் கோடு.

மிஸி கையால் மட்டும் ஓட்டவில்லை. சைக்கிளில் சரிவது போல இடது தோளைச் சரித்தார், தலையைச் சரித்தார். கதிரையின் இரண்டு கால் நிலத்தை விட்டு எழும்பியது. கடைக்குள் இருந்தவர்களும் கூடவே சரிந்தார்கள். மஞ்சள் கார் மதிலுக்கும் சிவப்புக்கும் நடுவே ஒரு கோழி போகிற இடத்தால் நுழைந்து வெளியே வந்தது.

கோட்டைத் தாண்டிய பிறகுதான் மிஸி பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். கச்சு முகம்மது திரையைப் பார்க்கவில்லை. மிஸியின் சரிந்த தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தோளை முன்பும் ஒருதரம், லொறிக் கண்ணாடிக்கு ஊடாகப் பார்த்தவர் போல.

எல்லாரும் காத்திருந்தார்கள்.

"ஓம்," என்றார் கச்சு முகம்மது. "முந்தினவா. ஆட்டோடதான்."

கடை சிரித்தது. அன்றைக்கு அவ்வளவு அவசரமாக மிஸி எங்கே போனவர் என்று சப்ராஸ் கேட்டான். எத்தனையோ தடவை சொன்ன கதையில் மிஸி அதை மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போதும் குனிந்து, சரிந்த கதிரையை நேராக்கிக்கொண்டிருந்தார்.

கச்சு முகம்மதுதான் மகனைப் பார்த்துச் சொன்னார்.

"எங்கட வீட்டுக்கு. நான் வந்து லொறியை நிப்பாட்டேக்க படலையடியில ஆடு மட்டும் கத்திக்கொண்டு நிண்டது. நீ பிறந்து, அழுதும் முடிச்சிட்டாய்."