முட்டி வலி

“மேடம், முட்டி வலின்னு சொல்லிடலாம். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க” என்றான் மேனேஜர் பிரசாந்த்.

சைக்கிள் டீம்களில் அதுதான் வழக்கம். டீமே எடுக்கும் டெஸ்ட்டில் எவனாவது ஊக்கமருந்தோடு மாட்டிக்கொண்டால் விஷயம் வெளியே போகாது. அவனுக்குத் திடீரென்று முட்டி வலி வந்துவிடும். பேப்பரில் ஒரு வரி வரும். பையன் வீட்டுக்குப் போய்விடுவான்.

இந்த முறை மாட்டியது சந்துரு. மைசூரு டீமிலேயே வேகமானவன். மூச்சு வாங்காமல் மலையேற, ரத்தத்தைக் கெட்டியாக்கும் ஊசி போட்டிருந்தான்.

“மருந்துன்னே சொல்லப் போறேன். நாளைக்குப் பத்திரிகைக்காரங்களைக் கூப்பிடுங்க” என்றாள் கோச் ஜோதிமணி.

“ஸ்பான்சர் ஓடிடுவான், மேடம். அதை விடுங்க, பையனோட எதிர்காலம்?”

“மறைச்சா வேற டீமுக்குப் போவான். அங்கேயும் இதையே போடுவான்.”

“போடட்டுமே. அது அந்த டீமோட தலைவலி.”

ஜோதிமணி கேட்கவில்லை. மறுநாள் டீமின் ஹெப்பாள் ஆபீஸில், சந்துருவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மைக்கில் எல்லாவற்றையும் சொன்னாள். என்ன மருந்து, அது உடம்பை என்ன செய்யும், எவ்வளவு காலம் அவனுக்குத் தடை, ஒன்று விடவில்லை. கேமராக்கள் முகத்துக்குக் கிட்டே வந்தன. சந்துரு நிமிரவே இல்லை.

“கல்நெஞ்சு. இப்படியா ஒருத்தன் மானத்தை வாங்குவாங்க?” என்று கூட ஓட்டும் பையன்களே முணுமுணுத்தார்கள்.

கூட்டம் கலையும்போது சந்துருவின் அம்மா மகேஸ்வரி உள்ளே வந்தாள். கழுத்தில் ஃபேக்டரி அடையாள அட்டை. ஷிஃப்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள். செல்போனில் பார்த்திருக்க வேண்டும், அழுது அழுது கண் சிவந்திருந்தது.

“ஆயித்து, முடிஞ்சுது. இன்னிக்கு மேடம் தொலைஞ்சாங்க” என்று முனகிய பிரசாந்த், நல்ல பேர் வாங்க முந்திக்கொண்டான்.

“அம்மா, நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். முட்டி வலின்னு சொல்லி கௌரவமா அனுப்பலாம்னேன். இவங்கதான் கேக்கலை.”

மகேஸ்வரி அவனைத் தாண்டி நேராக ஜோதிமணியிடம் போனாள். அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“நீங்க நல்லா இருக்கணும், தாயி.”

ஜோதிமணிக்கு ஒன்றும் புரியவில்லை. “உங்க பையனை ஊரே பேசும்படி வெச்சுட்டேனுங்களேம்மா?”

“பேசட்டும். இவன் அண்ணன் பழனியும் வேற ஒரு டீம்ல ஓட்டினவன்தான். அவனை முட்டி வலின்னு கௌரவமாத்தான் அனுப்பி வெச்சாங்க. நானும் நம்பி தினம் முட்டிக்குத் தைலம் தேய்ச்சுவிட்டேன். அவன் ரூமுக்குள்ள ஊசி போட்டுக்கிட்டே இருந்திருக்கான். நெஞ்சு அடைச்சுச் செத்தப்புறம் டாக்டர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.”

சந்துரு முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினான். “அண்ணன் சாதாரண மாரடைப்புலதானே போச்சுன்னு சொன்னே?”

“மானம் போயிடும்னு உங்கிட்டகூட மறைச்சேன்டா. அதனாலதான் நீயும் அதே ஊசியை எடுத்தே.”

ஜோதிமணியின் கையை அவள் இன்னும் விடவில்லை.

“நீங்களாவது வாயைத் திறந்து சொன்னீங்களே, தாயி. இவன் எனக்குத் தங்குவான்.”