மாடிக்கு ஒரு மைக்ரோவேவ்

"சத்தம் வராத மாடல் வேண்டாம்மா. நல்லாக் கத்துறதா ஒண்ணு காட்டு" என்றாள் தையல்காரி.

கடையில் இருந்த பெண் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஊரே சத்தமில்லாத சாமானைத் தேடி அலைகிறது, இந்தம்மாவுக்குக் கத்துகிற அடுப்பு வேண்டுமாம்.

தையல்காரி கழுத்தில் கிடந்த இன்ச் டேப்பை உருவி, இருப்பதிலேயே சின்ன மைக்ரோவேவை அளந்தாள். அகலம் பதினேழரை. வெளிப்பக்க மாடிப்படி ஏறி முடிகிற இடத்தில், மகனின் அறை வாசலில் கிடக்கும் மேசை இருபது. போதும்.

கிரில், கேக், நாற்பது வகைச் சமையல் என்று அந்தப் பெண் அடுக்கினாள். ஒன்றும் காதில் ஏறவில்லை. தட்டை வைத்துப் பட்டனைத் தட்டினால் சூடாக வேண்டும். சூடானது கீழே கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

மகன் அந்த அறையை விட்டு வெளியே வந்து ஒன்றரை வருடமாகிறது.

வேலை போய் மூன்று மாதம் வீட்டில் இருந்தவனை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது "தண்டச்சோறு" என்றுவிட்டார் அப்பா. முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்த மனுஷன், வாயைத் திறந்தால் தெருக்கோடிவரை கேட்கும். கேட்டது. கொட்டின வார்த்தையை அள்ள முடியுமா? பையன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து மாடி ஏறினான்.

அதற்குப் பிறகு யார் எதிரிலும் அவன் சாப்பிட்டதில்லை. வேளாவேளைக்குத் தட்டை வாசலில் வைத்துவிட்டு இறங்கிவிட வேண்டும். கதவைத் தட்டினால் போச்சு, அடுத்த வேளைத் தட்டு தொடாமல் கிடக்கும். எப்போது எடுப்பானோ, ஆறி அவலாய்ப் போனதைக் கொறித்துவிட்டு மிச்சத்தை வெளியே தள்ளுவான். அதைப் பார்த்துப் பார்த்துப் பெற்ற வயிறு எரிந்தது.

அடுப்பை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனது அப்பாதான். ஒன்றரை வருடத்தில் அந்தப் படியில் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. இறங்கி வர அரை மணி நேரம் ஆனது. கண்கள் சிவந்திருந்தன.

அப்பனும் பிள்ளையும் கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று ரெண்டு வார்த்தை பேசியிருந்தால் அதுவே பெரிய விஷயம். நாம் மூக்கை நுழைத்துக் கெடுப்பானேன்?

"இனிமே தட்டை நானே கொண்டுபோறேன். உனக்குத்தான் முட்டிவலியாச்சே. வச்சுட்டு அப்படியே டீக்கடைப் பக்கம் போயிட்டு வந்துடறேன்" என்றார்.

மறுநாள் மதியம் மாடியில் கீ கீ கீ என்றது. மிஷினை மிதித்துக்கொண்டிருந்த கால் அப்படியே நின்றுவிட்டது. பிள்ளையே கூப்பிட்டுப் பேசினாற்போல இருந்தது. தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள்.

தட்டு வழித்துத் துடைத்து வந்தது. அடுத்த வேளையும் அப்படியே. சூடாக இருந்தால் பிள்ளை ஏன் சாப்பிட மாட்டான்? இத்தனை நாள் எனக்கு இந்தப் புத்தி எங்கே போச்சு என்று தலையில் அடித்துக்கொண்டாள். உலையில் ஒரு பிடி கூடுதலாகப் போட ஆரம்பித்தாள்.

கீழே கணவரின் சாப்பாடுதான் குறைந்துகொண்டே வந்தது. கேட்டால் வயசாச்சு என்பார். வயசானால் தொப்பை மட்டும் எப்படி வளர்கிறது என்று அவள் கிண்டல் செய்வாள். அவர் சிரிக்கவே மாட்டார்.

இப்படியே இரண்டு மாதம் ஓடியது.

இன்று மதியமும் மாடியில் சத்தம் வந்தது. ஒரு நிமிடம் கழித்து மறுபடியும் வந்தது. இன்னொரு நிமிடம் கழித்து இன்னொரு தடவை.

உள்ளே இருப்பதை எடுக்கும்வரை அந்த அடுப்பு விடாது, நிமிடத்துக்கு ஒரு தரம் கூப்பிடும். கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

பத்தாவது தடவை கேட்டபோது மிஷினை விட்டு எழுந்தாள். ஐயோ, என் பிள்ளைக்கு என்ன ஆச்சு? முட்டியாவது மண்ணாவது, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

அறைக் கதவு விரியத் திறந்து கிடந்தது.

மெத்தை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. ஆணியில் ஒரு சட்டைகூட இல்லை. கட்டில் விளிம்பில் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னைக்குச் சோறு இறங்கலடி" என்றார். "கீழ ஒரு தரம், இங்க ஒரு தரம்... முடியல."

அவள் கதவுக்குப் பின்னால் பார்த்தாள். அலமாரியைத் திறந்து பார்த்தாள். ஆறடிப் பிள்ளை அதற்குள் எப்படி இருப்பான்? இருந்தும் கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தாள்.

"அத்தனை டிரைவர் கண்டக்டர்கிட்டயும் போட்டோ குடுத்து வச்சிருக்கேன். எப்படியும் வந்துருவான், வந்தப்புறம் உங்கிட்ட சொல்லிக்கலாம்னு..."

"எப்பப் போனான்?"

வாசலில் அடுப்பு இன்னொரு தடவை கூப்பிட்டது. அவர் அதைப் பார்த்தார்.

"நான் அதைத் தூக்கிட்டு வந்தப்பவே ரூம் காலியாத்தான் இருந்துச்சு."