ஓரத்தில் ஒரு விரல்

இலை நரம்பு, ஜன்னல் கம்பி, கூடைப் பின்னல் என்று எதில் வரிவரியான வடிவம் தெரிந்தாலும் படம் பிடித்துவிடுவார், ஓய்வு பெற்ற அந்த ஓவிய வாத்தியார். இன்று ஸ்டூடியோவுக்கு ஒரே ஒரு படத்தோடு வந்திருந்தார்.

“பெருசா பிரிண்ட் போட்டு ஃப்ரேம் பண்ணிக் கொடும்மா.”

ஸ்டூடியோக்காரப் பெண் திரையில் படத்தைத் திறந்து சிரித்தாள். “கூடையைப் பிடிச்சிருக்கிற உங்க வீட்டம்மாவோட கட்டைவிரல் ஓரத்துல விழுந்திருக்கு. எப்படி சார் விட்டீங்க? நகம் தெரிஞ்சாலே வெட்டித் தள்ளுவீங்களே. நான் வெட்டிடவா?”

“கூடையை வெட்டிடு. விரல் மட்டும் போதும்.”

“விளையாடாதீங்க சார்.”

“முப்பது வருஷமா இலையையும் கூடையையும் அவதான் பிடிச்சா. நான் அவளை வெட்டிக்கிட்டே இருந்தேன். அவ போய் இன்னியோட ஒரு மாசம். நான் எடுத்த அத்தனை படத்துலயும் அவ மிஞ்சினது இதுல மட்டும்தாம்மா.”

அந்தப் பெண் விரலைப் பெரிதாக்கினாள். கணுவின் சுருக்கங்கள் இலை நரம்பு போல வரிவரியாக விரிந்தன.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“இதை நான் பார்த்ததே இல்லையேம்மா.”