பதினாலாம் நம்பர் டயரி

“இது பொய் டயரி. சத்தியமாப் பொய்!”

எஃப்ரெயின் காகிதத்தை மேசைமேல் தட்டினான். பக்கத்து நாற்காலியில் அவன் வகுப்புத் தோழி பா ஹுவா தலை நிமிரவில்லை.

ஃப்ரெஸ்னோ சமுதாயக் கல்லூரியில் உணவியல் வகுப்பு. மாணவர்கள் ஒவ்வொருவரும் மூன்று நாள் தாங்கள் சாப்பிட்டதைத் தராசில் நிறுத்து எழுதித் தர வேண்டும். பெயர் கூடாது, நம்பர் மட்டும். பிறகு டயரிகளைக் கலைத்துக் கொடுப்பார்கள். யாருடைய டயரி யாருக்கு வரும் என்று தெரியாது. படித்துவிட்டு ‘நம்பலாம்’, ‘நம்ப முடியாது’ என்று காரணத்தோடு சொல்ல வேண்டும்.

நம்ப முடியாது என்று ஆகிவிட்டால் பூஜ்யம். அடுத்த வருடம் பல்கலைக்கழகத்துக்கு மாறக் காத்திருக்கும் யாருக்கும் அந்தப் பூஜ்யம் பெரிய அடி. அங்கே உணவியலுக்கு இருக்கும் இடம் அவ்வளவு கொஞ்சம்.

எஃப்ரெயினுக்குத் தன் டயரியைப் பற்றிக் கவலையே இல்லை. மதியத்துக்கு வான்கோழி சாண்ட்விச், ஒரு ஆப்பிள், ஒரு டம்ளர் பால். பாடப் புத்தகமே எழுந்து வந்து சாப்பிட்டது மாதிரி இருக்கும்.

ஆனால் அவன் கைக்கு வந்த இந்தப் பதினாலாம் நம்பர்!

“பா ஹுவா, இதைக் கேளு. வயசு இருபது. எடை நூத்தி நாலு பவுண்டு. ஒரு நாளைக்கு மூவாயிரத்து நூறு கலோரி! இந்த உடம்புக்குள்ள அவ்வளவும் எங்கே போகும்?”

“பசிச்சிருக்கும்.”

“பசியா? இது பகாசுரப் பசி!”

“உன் வேலையை மட்டும் பாரு. சீக்கிரம் எழுதி முடி.”

“முடிக்கறேன். ‘நம்ப முடியாது’ன்னு கொட்டை எழுத்துல எழுதறேன். இந்த மாதிரி ஆளுங்களாலதான் நமக்கு இடம் கிடைக்காமப் போகுது.”

அவன் குரல் முன்வரிசை வரை கேட்டது. பேராசிரியை பெத்ரோசியன் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

“எஃப்ரெயின், தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடி ரெண்டாவது பக்கத்தையும் படிப்பா.”

“படிக்கறேன் மேடம்.”

பக்கத்தைத் திருப்பினான். புதன்கிழமை மதியம். ஒவ்வொன்றாக முணுமுணுத்தான், நக்கலாக.

“கவுனியரிசிச் சோறு, ரெண்டு பொட்டலம். பன்றி சாஸேஜ், ரெண்டு. கடுகுக்கீரை, ரெண்டு கிண்ணம். ஆரஞ்சு, ரெண்டு. அடேயப்பா, எல்லாம் ரெண்டு ரெண்டு! பச்சைமிளகாய்த் துவையல்...”

பென்சில் நின்றது.

பச்சைமிளகாய்த் துவையல், ஒன்று.

எல்லாம் இரண்டு. துவையல் மட்டும் ஒன்று.

போன மாதம்தான் அவன் மார்தட்டினான். “நான் மெக்சிகோக்காரன். எனக்கா மிளகாய்?” பா ஹுவாவின் டப்பாவில் இருந்த இதே துவையலை ஒரு விரல் தொட்டு நக்கிவிட்டு, குழாயடிக்கு ஓடிப் பத்து நிமிடம் வாயைக் கழுவினான். பா ஹுவா வயிறு வலிக்கச் சிரித்தாள். அதிலிருந்து அவன் பக்கம் துவையல் வைப்பதில்லை.

விடியற்காலையில் கிடங்கில் சரக்கு இறக்கிவிட்டு நேரே வகுப்புக்கு வருபவன் அவன். “எனக்கு மதியம் பசிக்காது” என்று ஆரம்பத்தில் எல்லாரிடமும் சொல்லிவந்தான், சாப்பாட்டுக்குக் காசில்லை என்பதை மறைக்க. அவள்தான் ஒருநாள் டப்பாவை நகர்த்தினாள். “எங்கம்மா எப்பவும் ரெண்டு பேருக்குக் கட்டிடறாங்க. வீணாப் போகுது, எடுத்துக்கோயேன்.”

“போனாப் போகுது, உங்கம்மாவுக்காகச் சாப்பிடறேன்” என்று பெரிய மனசு பண்ணி உட்கார்ந்தான். அன்றிலிருந்து தினமும் உட்காருகிறான்.

கண் அடுத்த கட்டத்துக்குப் போனது.

சமைத்தவர்: நானே.

அம்மா இல்லை. மூன்று நாளும் ‘நானே’.

கடைசிக் கட்டம்: மீதம் எவ்வளவு, யாருக்குக் கொடுத்தீர்கள்?

‘மீதம் இல்லை’ என்று மூன்று நாளும் ஒரே மாதிரி எழுதியிருந்தாள். அங்கே ஒரு பெயரை எழுதியிருந்தால் அவளுடைய கணக்கு அழகாகச் சரியாகியிருக்கும். எழுதவில்லை. அவன் மானம் போவதைவிடத் தான் பகாசுரியாகவே இருந்துவிடலாம் என்று நினைத்துவிட்டாள்.

எஃப்ரெயினுக்குக் காது சுட்டது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தான். அவள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“பதினாலாம் நம்பர்!” பெத்ரோசியன் கூப்பிட்டார். “அவ்வளவு சத்தமாக் கத்தினியே, எஃப்ரெயின். சொல்லு. நம்பலாமா, கூடாதா?”

எழுந்தான்.

“வேண்டாம். உட்காரு” என்று பா ஹுவா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

“நம்பலாம் மேடம்.”

“மூவாயிரத்து நூறு கலோரியா? அந்த எடைக்கா?”

“நிறுத்தது எல்லாம் சரியா இருக்கு மேடம். கடைசிக் கட்டம் மட்டும்தான் தப்பு. மதியச் சாப்பாட்டுல பாதி அவங்க சாப்பிடலை. நான் சாப்பிட்டேன்.”



“அப்படின்னா,” பெத்ரோசியன் மெதுவாகக் கேட்டார், “உன் டயரியில அந்தச் சாப்பாடு இருக்கணுமே?”

“இல்லை மேடம். சாண்ட்விச், ஆப்பிள், பால்னு எழுதினேன். அதெல்லாம் நான் கண்ணாலகூடப் பார்க்கலை.” பெத்ரோசியனை நேராகப் பார்த்தான். “ஒன்பதாம் நம்பர்தான் மேடம் பொய் டயரி. அது என்னோடது.”

பெத்ரோசியன் ஒன்பதாம் நம்பரைத் தேடி எடுத்தார். ஒரு பார்வை பார்த்தார். அவனிடமே நீட்டினார்.

“மறுபடியும் மூணு நாள் எழுதிக்கிட்டு வா. இந்தத் தடவை சாப்பிட்டதை மட்டும் எழுது.”

உட்கார்ந்தான். மேசைக்கு அடியில் பா ஹுவா அவன் காலை ஓங்கி மிதித்தாள்.

“மடையா! மறுபடியும் மூணு நாள் நிறுத்து நிறுத்து எழுதணும் நீ!”

“எழுதறேன்” என்றான் எஃப்ரெயின். “நாளைக்கு என்ன சமைக்கப் போறே?”