சேறு

மலைப்பாதையில் நாங்கள் மூவரும் ஒருவர் பின் ஒருவராகத்தான் ஓடுவோம். வழுக்கும் இடம் வந்தால் முன்னால் ஓடும் நான் "சேறு!" என்று கத்துவேன். நடுவில் வரும் பல் டாக்டர் அதையே திருப்பிக் கத்துவார். கடைசியில் வரும் குண்டன் மட்டும் "சோறு!" என்பான். எந்நேரமும் பசி அவனுக்கு.

போன மழைக்காலத்தில் அவன் போய்ச் சேர்ந்தான். இந்த மழைக்கு, அவனுடைய இடத்தில் ஓட அவன் மனைவி வந்தாள்.

எங்கும் மூடுபனி. குளிரில் பல் டாக்டருக்கே பற்கள் தந்தியடித்தன.

"சேறு!" என்றேன்.

"சேறு!" என்றார் டாக்டர்.

"சேறு!" என்றாள் அவள்.

அவளுக்குப் பின்னாலிருந்து, "சோறு!"

நாங்கள் இருவரும் நின்றுவிட்டோம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முகத்தில் வழிந்த மழையைத் துடைத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் மெதுவா போங்கண்ணா. அவருக்கு மூச்சு வாங்குது."